ராஜத்தின் கெட்டிச் சக்கரங்கள்

டில்லியில் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஸ்டெனோ ராஜத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாக அதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதிய விரல்கள் அவளுடையவை. போன தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது, மகன் கௌஷிக் பள்ளிக்கூட நாளில் தூக்கிப்போட்ட விரல் ஸ்கேட்போர்டு அகப்பட்டது. ஒரு விரல் நீளப் பலகை, அடியில் கொண்டைக்கடலை அளவில் நாலு சக்கரம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் அதில் ஏறி நிற்கும் கால்கள். மூன்றே மாதத்தில், சாப்பாட்டு மேஜையில் படுக்க வைத்த டம்ளரை ஒரே தாவலில் தாண்டக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்யாத வேலை அது. அதனாலேயே அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கௌஷிக்குக்குத்தான் பிடிக்கவில்லை. அவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். ஒரு நாள் சாயங்கால மீட்டிங்கில், மேஜையில் பலகை டக்கென்று இறங்குவது காதில் விழுந்து யாரோ என்ன சத்தம் என்று கேட்க, மேல் வீட்டுக் குழந்தை என்று சொல்லிவிட்டான். அவர்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான் இருக்கிறது. அது காதில் விழுந்த ராஜத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த வாரம் பழைய சக்கரம் ஒன்று விரிசல் விட்டது.

"புதுசு வாங்கறதுன்னா சத்தம் வராத வீலா வாங்கிடும்மா, ப்ளீஸ். என் மானம் போறது."

"நான் விளையாடினா உன் மானம் ஏன்டா போறது?"

அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை முனிர்காவில் சந்துக்குள் இருந்த ஸ்கேட்போர்டு கடையைத் தேடிப் போனாள். மகனுக்கா என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

"நஹீன் பையா, மேரே லியே" என்றாள், இல்லை, எனக்கேதான் என்று, பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி.

சக்கரத்தில் இரண்டு வகை இருந்தன. கைப்பையிலிருந்து தன் பலகையை எடுத்து, இரண்டையும் மாட்டிப் பார்த்தாள். மெத்தென்ற சக்கரம் கடையின் கண்ணாடி மேஜை மேல் பூனை மாதிரிப் போயிற்று. தாவி இறங்கியதுகூடக் காதில் விழவில்லை. கெட்டிச் சக்கரம் கரகரவென்று ஓடி, டக்கென்று இறங்கியது. மெத்தென்றதை வாங்கினால் மகனுக்குச் சமாதானம், அவளுக்கும் வம்பில்லை. அப்படி நினைத்ததுமே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமியாருக்காக, அதிகாரிக்காக, பக்கத்து வீட்டுக்காக என்று இத்தனை வருடம் சத்தம் போடாமல் இருந்தது போதாதா? சொந்த வீட்டில், சொந்த மேஜையில், திருட்டுத்தனமாகவா விளையாட வேண்டும்? கெட்டிச் சக்கரத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதைக் கழற்றாமலே பலகையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வந்தவள் புடவைகூட மாற்றவில்லை. டம்ளரைப் படுக்க வைத்தாள். கரகர, டக். உள்ளே கௌஷிக்கின் மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. மேல் வீட்டுக் குழந்தை மறுபடி வந்துவிட்டதா என்று லேப்டாப்பில் யாரோ சிரித்தார்கள். கௌஷிக் மைக்கை அணைப்பதற்குள் ராஜம் பலகையும் கையுமாகக் கேமரா முன்னால் வந்து நின்றாள்.

"பச்சா நஹீன். மைன் ஹூன், கௌஷிக் கீ அம்மா." குழந்தை இல்லை, நான்தான் என்று சொல்லியே விட்டாள்.

கௌஷிக்கின் காது சிவந்துவிட்டது. லேப்டாப்பில் இருந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்க ராஜம் நிற்கவில்லை. மேஜைக்குத் திரும்பி, அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்து, முதல் டம்ளருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.