சிரித்தால் கலைந்து போவான்

நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள், எனக்கு நஷ்டமில்லை. நடந்தது ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல் 2.10-க்கு. பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் என்று நினைத்திருந்தவன்தான் நானும்.

எங்கள் விடுதியில் ஒரு விளையாட்டு உண்டு. ஏதாவது ஒரு பாட்டை எடுப்போம். அதில் 'நான், நான்' என்று உருகுகிறவனை நிஜ ஆளாக நினைத்து, அவனுக்கு என்னென்ன சக்தி என்று ஓர் அட்டையில் எழுதுவோம். 'உனக்காக மலையைத் தூக்குவேன்' என்றால் மலை தூக்கும் சக்தி. பலவீனமும் ஒன்று கட்டாயம் எழுத வேண்டும். அட்டை யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் பாட்டில் வரும் 'நீ'. அந்த ஆளின் பலவீனத்தைப் பிடித்துத்தான் அவனிடமிருந்து அவர் தப்பிக்க முடியும்.

அந்த வாரம் எனக்கு மாட்டியது, எப்போதும் எதையாவது முணுமுணுப்பதால் 'ஹம்மிங்' ஆகிப்போன பக்கத்து அறைக்காரனின் பாட்டு. வகுப்புத் தோழி ஒருத்திக்காக அவனே எழுதியது. அவள் படித்துவிட்டுச் சிரித்தாளாம். எனக்கு அது போதாதா? 1.15-க்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி அட்டையை வாசித்தேன்.

"சக்தி ஒன்று: 'எந்தக் கதவும் எனக்குத் திறக்கும்'. ஆக, பூட்டு வேஸ்ட். சக்தி இரண்டு: 'உன் மூச்சையெல்லாம் எண்ணி வைப்பேன்'. எண்ணி முடிச்சா மூச்சும் முடிஞ்சுது. பலவீனம்: 'நீ சிரித்தால் கலைந்து போவேன்'."

இங்கே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

"இது செல்லாது. இவனைப் பாத்து ஊரே சிரிச்சாச்சு. பழகிட்டான்."

கூடமே குலுங்கியது. ஹம்மிங் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையை அவன் சட்டைப் பையில் செருகினேன்.

"பலவீனம் இல்லாம அட்டையைக் குடுக்கக் கூடாதுடா," என்றான்.

"ஆமா, இவரு அம்பயர்."

கை கழுவாமல் எழுந்து போனான்.

2.10. படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், ஹம்மிங்கின் அறையில், ஒரு குரல். அவன் குரல்தான்.

"முந்நூத்தி நாப்பது... முந்நூத்தி முப்பத்தொன்பது..."

"பழி வாங்குறானாம்," என்றேன், எதிர்க் கட்டிலில் கிடந்த என் அறைத்தோழன் குண்டூசியிடம்.

"அழுதுட்டிருப்பான். விடு."

"அழுறவன் நம்பர் சொல்லியா அழுவான்?"

2.20. நூற்றுத் தொண்ணூறு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரம் எண்ணியும், அந்தக் குரல் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை.

உறைத்ததை ஒப்புக்கொள்ள மனம் வருமா? சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.

"சீக்கிரம் எண்ணித் தொலைடா. தூங்கணும்."

குரல் நின்றது.

பிறகு... வேகமெடுத்தது.

தையல் மெஷின் மாதிரி. எண்களே புரியவில்லை. குண்டூசி எழுந்து உட்கார்ந்தான்.

"டேய். சும்மாவாச்சும் சிரி. பாட்டுல அப்படித்தானே இருக்கு."

சிரித்தோம். இரண்டு பேரும். சத்தமாக.

நிற்கவில்லை.

"மூணு... ரெண்டு..."

2.24.

"ஒண்ணு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹம்மிங்கின் அறை வெளியே பூட்டியிருந்தது.

பூட்டு... ஆடிக்கொண்டிருந்தது.

5.40-க்கு வார்டன் வந்து சொன்னார். ஹம்மிங் 1.30-க்கே ஊருக்கு பஸ் ஏறியிருக்கிறான். வழியில் மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றாராம் டாக்டர்.

மறுநாள் பஸ் கண்டக்டர் அவனுடைய பையை விடுதிக்குக் கொண்டுவந்தார். வாங்கிக்கொள்ள வார்டன் என்னைத்தான் கூப்பிட்டார். நெருங்கிய நண்பனாம்.

"ரெண்டு இருபது வரைக்கும் நல்லாத்தான் வந்தாரு தம்பி. அப்புறம் யாரோ துரத்துற மாதிரி இரைக்க ஆரம்பிச்சிடுச்சு. நாலே நிமிஷம்."

பையோடு ஓர் அட்டையையும் என் கையில் வைத்தார். நான் அடித்த வரி இருந்த இடத்தில் ஓட்டை.

"இதை நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்தாரு. பக்கத்து சீட் காலி. அதையே பாத்து சிரிச்சாரு. கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிப்பை மட்டும் நிறுத்தலை."

அட்டையை எட்டிப் பார்த்தார்.

"அப்படி என்ன ஜோக் தம்பி அது?"