ஆபரேட்டரம்மா விடுதி தேடிய கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோரும் அவளை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிருந்தது. காதுக்குள் யாரும் எடுக்காத மணி ஒன்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. இனியாவது அக்கடா என்று சாயலாம் என்று வீட்டுக்கு வந்தால், அவள் கணவருக்கு அப்போதுதான் ஆசை முளைத்தது.

சாதாரண ஆசையா அது? பவளப்பாறை உள்ள ஏதோ ஒரு தீவில் போய்த் தங்க வேண்டுமாம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீன் பார்க்க வேண்டுமாம். இத்தனைக்கும் மனுஷன் பிழைத்த பிழைப்பே தண்ணீருக்கு அடியில்தான். படகில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடும். அதிலிருந்து நீண்ட குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இவர் கீழே இருப்பார். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், கப்பலைத் தள்ளும் விசிறியில் சுற்றிய கயிற்றை அறுப்பதும்தான் வேலை. துறைமுகத்தில் அவருக்கு வைத்த பெயர் முக்குளிப்பான்.

"அதான் ஆயுசு பூரா தண்ணிக்குள்ளயே கெடந்தீங்களே. இன்னும் என்ன பாக்கி?" என்றாள் ஆபரேட்டரம்மா.

"நான் எங்க பார்த்தேன்? துறைமுகத் தண்ணி தாரு மாதிரி இருக்கும். கையை நீட்டினா விரல் தெரியாது. எல்லாம் தடவித் தடவித்தான். உயிரோட நீந்துற மீனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. கடையில செத்துக் கெடக்கறதைத்தான் பார்த்திருக்கேன்."

நியாயமான ஆசைதான். ஆனால் அவள் சரி என்று சொல்லிவிடவில்லை.

வெளியூரில் இருக்கும் மகள் அப்பா கட்சி. தினம் ஒரு விடுதியின் படங்களைப் போனுக்கு அனுப்பினாள். அவர் சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுவார். அவள் எட்டிப் பார்த்து ஒரு குறை சொல்வாள்.

முதல் விடுதியில் தண்ணீர்மேல் கால் ஊன்றிய குடில்கள். "தூக்கக் கலக்கத்துல கதவைத் திறந்தா நேரா கடல்லதான் கால் வைக்கணும்." அடுத்ததில் அறைக்குப் போகப் படிகள் அதிகம். இன்னொன்றுக்குப் பெரிய விமானம், சின்ன விமானம், அப்புறம் படகு. "போய்ச் சேர்றதுக்குள்ள லீவே முடிஞ்சிரும்" என்றாள்.

"நமக்கு ஏதுடி லீவு? ரெண்டு பேரும்தான் ரிட்டயர் ஆயாச்சே."

ஒன்றில் குளியலறைக்குக் கூரை இல்லை. இந்த வயதில் காக்காய்க்கு முன்னால் குளிக்க முடியாது என்றாள். ஒன்றில் கட்டில்மேல் துண்டை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள். அதை யார் பிரிப்பது, யார் துடைப்பது என்றாள். கடைசியாக வந்ததில் குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. தலையணை உயரம் என்று சொல்லிவிட்டாள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

அன்றைக்குத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார். "எனக்குன்னு ஒரு சந்தோஷம் வந்தா உனக்குப் பொறுக்காது."

அவள் நறுக்கிக்கொண்டிருந்த காயை அப்படியே விட்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது அலுப்புதான்.

"துறைமுகத்துல விபத்துன்னா போன் எங்க வரும் தெரியுமா?" என்று கேட்டாள். "எங்கிட்டதான் வரும். எடுத்த உடனே அவசர வார்டுக்கு லைனைக் குடுத்துரணும். யாரு, என்னன்னு கேக்கக் கூடாது. கேக்கற நேரத்துல ஒரு உசுரு போயிரும்னு எங்களுக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க. நானும் கேட்டதில்ல. அதைக் குடுத்துட்டு அடுத்த போனை எடுத்து வணக்கம் சொல்வேன். ஆம்புலன்ஸ் வந்து, அது நீங்க இல்லன்னு வார்டுலருந்து யாராவது வந்து சொல்ற வரைக்கும் என் உடம்புல உசுரு இருக்காது. நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் சந்தோஷப்படுவேன். யாரோ ஒருத்தி வீட்டு ஆளு அங்க படுத்திருப்பான், நான் சந்தோஷப்பட்டிருக்கேன். எனக்கு அலுத்துப் போச்சுங்க. மறுபடியும் நீங்க கீழ போயி நான் மேல உக்காந்திருக்க என்னால ஆகாது."

சாயங்காலம் தான் வேலை முடிந்து வந்ததும் "கை காலைக் கழுவிட்டு வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவளை, நெஞ்சழுத்தக்காரி என்றே அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவருக்கே தெரியவில்லை.

கழற்றிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப நீயும் இறங்கு. சேர்ந்தே போவோம்."

கிறுக்குப் பேச்சு என்றுதான் முதலில் பட்டது. ஆனால் நீச்சலே தெரியாதவர்களைக்கூடக் கையைப் பிடித்து ஆழமில்லாத இடத்தில் இறக்கிக் காட்டுகிற விடுதிகள் இருக்கின்றன என்று மகள் சொன்னாள். சேர்ந்து போனால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆபரேட்டரம்மா ஒப்புக்கொண்டது அந்த ஒன்றுக்காகத்தான். அப்புறம் விடுதி தேடுவது சுலபமாகிவிட்டது. தீவிலேயே டாக்டர் இருக்கிற, அலையில்லாத குடா உள்ள, அன்னம் மடிக்காத ஒரு சின்ன விடுதியை இருவருமாகப் பொறுக்கினார்கள். வயதைக் கேட்ட விடுதிக்காரர்கள், டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள்.

டாக்டர் அவளைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டார். "அம்மா தாராளமா போகலாம்." அவரை மட்டும் குழாயில் ஊதச் சொல்லி, மறுபடி ஊதச் சொல்லி, இரண்டு காதிலும் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். "சார், இந்தக் காதையும் நுரையீரலையும் வெச்சுக்கிட்டு இனிமே தண்ணிக்கு அடியில போகவே கூடாது. ஆழமில்லாத இடத்துலயும் கூடாது."

பஸ்ஸில் திரும்பினார்கள். அவள் முப்பது வருஷமாக வேண்டிக்கொண்டது இதைத்தான். அது கிடைத்த அன்றைக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவர் பிடரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"விடு. வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றார்.

"எதுக்கு? நான் இறங்கறேன். பார்த்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன்."

"நீயா? தொட்டித் தண்ணிக்கே பயப்படுவ."

"பயம்தான். இருந்தாலும் போறேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது பார்க்கணும்ல."

வீட்டுக்கு வந்ததும் அவர் விடுதிக்குப் போன் போட்டார். ஓர் ஆள் குறைகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார் என்று நினைத்துச் சமையலறை வாசலில் நின்றாள்.

"எங்க வீட்டம்மா மட்டும்தான் இறங்குவாங்க. கூட யாரு போவாங்க? அவரு பேரென்ன? எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்காரு? கையை நடுவுல விட்டுற மாட்டாரே? காத்து நின்னு போச்சுன்னா என்ன செய்வாரு? படகுல நான் உக்காந்திருக்கலாமா? சொன்ன நேரத்துக்கு மேல வரலைன்னா நான் யாரைக் கேக்கணும்? இல்ல தம்பி, அந்தக் கடைசியை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து அழுகை வந்தது. அத்தனை கேள்வியும் டெலிபோன் அறையில் அவள் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனவை.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் ஆகாதுங்கறான். இப்படித்தான் சொல்வாங்க, இல்ல?"

"ஆமா" என்றாள் ஆபரேட்டரம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டா நாங்களும் அப்படித்தான் சொல்வோம்."