பொறையும் விசிலும்

ஐம்பதுகளின் கடைசியில் நான் விழுப்புரத்தில் பாசஞ்சர் வண்டிக்கு கார்டாக இருந்தேன். நான் விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டும்வரை இஞ்சினும் அத்தனை பெட்டிகளும் காத்துக் கிடக்கும். அந்தத் தலைக்கனத்தில்தான், ஒலக்கூரிலிருந்து தூக்கிவந்த செவலை நாய்க்குட்டியைப் பழக்குவதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்துவிட்டேன்.

முதல் வாரம் அதுதான் என்னைப் பழக்கியது. உட்கார் என்றால் படுத்துக்கொள்ளும். வா என்றால், சலவைக்குப் போய்வந்த என் வெள்ளைக் கால்சட்டையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். நானும் மண்டியிட்டு உள்ளே போவேன். மனைவி வாசற்படியில் நின்று சிரிப்பாள்.

அப்போது எனக்கு ஓர் அபார யோசனை தோன்றியது. டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிவந்து, டூட்டி விசிலை ஒருமுறை ஊதி, ஓடிவந்தால் ஒரு துண்டு கொடுத்தேன். நாலே நாளில் குட்டி கற்றுக்கொண்டது. கொல்லையில் இருந்தாலும் அம்புபோல வந்து நிற்கும். ஸ்டேஷன் முழுக்க இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஓர் ஓட்டை வேலியும் இரண்டு தண்டவாளங்களும்தான். விழுப்புரம் ஜங்ஷனில் பொழுதுக்கும் யாராவது ஒரு கார்டு விசில் ஊதிக்கொண்டே இருப்பார். உலகத்திலேயே விசில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் இருந்தேன் போலிருக்கிறது.

ஒருநாள் காலை என் வண்டிக்கு விசில் ஊதினேன். எதிரே தண்டவாளத்தைத் தாண்டிக் குட்டி ஓடிவந்தது. பக்கத்து லைனில் கூட்ஸ் வண்டி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"சார், யாரு ஊதினாலும் இது ஓடியாந்துக்கினே கீதுங்க. இன்னிக்கி நான் இருந்தேன், புடிச்சேன். நாளைக்கு யாரு புடிப்பா?"

வண்டி மூன்று நிமிடம் தாமதம். காரணம் எழுதும் இடத்தில் நாய் என்று எழுத வெட்கப்பட்டு, பயணிகள் கூட்டம் என்று எழுதினேன்.

"ஒலக்கூர்லயே கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடுங்க. அடிபட்டுச்சுன்னா என்னால பாக்க முடியாது" என்றாள் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. கற்றுக்கொடுத்தவனே மறக்கவும் வைக்கிறேன் என்றேன். கயிற்றில் கட்டிவைத்துப் பாடம் தொடங்கினோம். நான் விசில் ஊதுவேன். குட்டி அசையாமல் இருந்தால் அவள் பொறை கொடுப்பாள். எழுந்து வந்தால் நான் திட்டுவேன்.

"ஊதிட்டு வராத வராதன்னு கத்துறீங்க. அப்புறம் எதுக்குங்க ஊதிக்கினு இருக்கீங்க?" என்றாள். அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கார்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேச்சும் கிளம்பியது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்த ஜீவனை, வந்த குற்றத்துக்காகத் திட்டினேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டத் திட்ட அது என் செருப்பை நக்கியது.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் காலை கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனேன். வண்டி கிளம்பும் நேரம் வந்தது. வேலி ஓரம் மனைவி நின்றாள், அவள் காலடியில் குட்டி படுத்திருந்தது. பயந்துகொண்டேதான் ஊதினேன். குட்டி தலையைத் தூக்கி நேரே என்னைப் பார்த்தது. பிறகு தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

பிழைத்தது. கொடியை ஆட்டினேன், வண்டி நகர்ந்தது. வேலியைத் தாண்டும்போது கடைசியில் இருக்கும் என் பிரேக் வேனிலிருந்து கையசைத்தேன். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கண்ணுல கரி வுழுந்துடுச்சா?" என்றார்.

"ஆமா சார், ரெண்டு கண்ணுலயும்" என்றேன்.