பந்து பத்து ஃப்ரேமில் விழுந்தது

1. யாரும் பார்க்காத பந்து

அன்று காலையிலிருந்து நான் ஒரு முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாத ஒரு குட்டி வீடியோ. கூடைப்பந்து ஆட்டம். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை லோகேஷ் எம்பிப் பிடிக்கிறான். தரையில் கால் பட்டதும் சுழல்கிறான். அவனுடைய வலது முழங்கை, பின்னால் ஓடிவந்த ஸ்ரீராமின் தாடையில் இறங்குகிறது. ஸ்ரீராம் விழுகிறான். எல்லோரும் அவனிடம் ஓடுகிறார்கள். படம் முடிந்தது.

மதியம் டப்பாவிலிருந்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டபடியே இன்னொரு முறை ஓடவிட்டேன். அலுப்பில் கண் முழங்கையை விட்டு நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே லோகேஷ் கைவிட்ட பந்து, ரிங் கம்பத்தடியில் தன்னந்தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. எழும்புகிறது, விழுகிறது. ஆனால் விழுவதில் ஏதோ அவசரம் தெரிந்தது.

ஆட்டக்காரன் அவசரப்படலாம், அடிக்கிறவன் அவசரப்படலாம். பந்துக்கு என்ன அவசரம்?

ஸ்பூனை வைத்துவிட்டு ஃப்ரேம் ஃப்ரேமாக, வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமாக, எண்ணினேன். துள்ளலின் உச்சியிலிருந்து தரைவரை பத்து ஃப்ரேம். அந்தப் பத்து எனக்குப் பிடிக்கவில்லை.

2. எத்தனை கிலோ அடி?

நான் வேலை பார்ப்பது அடையாறில் ஒரு மாடியில், நாலு பேர் கொண்ட அலுவலகத்தில். விளையாட்டு வீரர்கள் ஓடுவதையும் குதிப்பதையும் படமெடுத்து வேகம், கோணம், மூட்டில் விழும் சுமை எல்லாம் கணக்கிட்டுக் கொடுப்போம். அடிபட்டவர்களின் விவகாரம் எப்போதாவது வரும். இது அப்படி வந்தது.

அனுப்பியவர் லீக் செயலாளர் பழனியப்பன் சார். தி.நகரில் நகைக்கடை வைத்திருப்பவர். லோகேஷ் மேல் குற்றச்சாட்டு, 'வேண்டுமென்றே தாக்கியது'. நிரூபணமானால் இரண்டு வருடத் தடை. சிந்தாதிரிப்பேட்டைப் பையனான லோகேஷுக்கு அந்தத் தடையைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு ஒரு அரசு வேலை கிடைக்கும் நிலையில் இருந்தது. அதற்கு லீக் தரும் நன்னடத்தைச் சான்று வேண்டும். தடை வந்தால் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும்.

பழனியப்பன் சார் போனில் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, அந்த அடி எத்தனை கிலோ? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் முடிச்சிடறேன்."

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். அடி என்றால் கிலோ. ஆனால் விசை என்பது வேகம் எவ்வளவு நேரத்தில் மாறியது என்பதைப் பொறுத்தது. அந்த நேரம் பாதியானால் விசை இரண்டு மடங்கு. எலும்பில் எலும்பு மோதும் நேரம் ஒரு ஃப்ரேமைவிடக் குறைவு. போன் வீடியோவில் அது இரண்டு படங்களுக்கு நடுவே ஒளிந்துவிடும். ஆக கிலோவைச் சொல்வதென்றால் அந்த நேரத்தை நாமே ஊகித்துப் போட வேண்டும்.

வீடியோவின்படி முழங்கையின் வேகம் விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் வந்தது. பந்தோடு சும்மா திரும்புகிறவனுக்கு அது அதிகம்தான். எங்கள் முதலாளி ரகு சார் என் தோளுக்குப் பின்னால் நின்று எக்செல்லைப் பார்த்தார்.

"கான்டாக்ட் டைம் என்ன போட்டிருக்கே?"

"பத்து மில்லிசெகண்ட். ஆனா அது சும்மா ஊகம் சார்."

"எவ்வளவு வருது?"

"நூத்தித் தொண்ணூறு கிலோ மாதிரி. ஆனா அஞ்சு போட்டா டபுள் ஆயிடும். அதனால இதை வெளில..."

அவர் அதற்குள் போனோடு பால்கனிக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமே லீக் வாட்சப் குழுவில் 'இருநூறு கிலோ அடி' என்று செய்தி சுற்றியது. கீழே டீக்கடையில் யாரோ ஒருவர் மாட்டு வண்டி ஏறினால் எவ்வளவோ அவ்வளவு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

3. கம்பத்தில் மஞ்சள் பெயிண்ட்

மறுநாள் ஒரு டேப்பும் ஒரு பந்தும் எடுத்துக்கொண்டு கோபாலபுரத்தில் அந்த ஆட்டம் நடந்த சிமெண்ட் கோர்ட்டுக்குப் போனேன். ரிங் கம்பத்தின் கீழ்ப்பாதியில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வீடியோவில் பந்து அந்தப் பெயிண்ட் முடியும் இடம்வரை எழும்பி, அங்கிருந்து விழுந்தது. அளந்தேன். தரையிலிருந்து நாலு அடி.

துள்ளும் பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும். அதனால் அங்கிருந்து விழுவதும் கையிலிருந்து விடுவதும் ஒன்றுதான். போனை அதே கோணத்தில் நிறுத்தி, மஞ்சள் விளிம்பிலிருந்து பந்தை விட்டேன். திரும்பத் திரும்ப விட்டேன். காவலாளி ஒரு கட்டத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மேடம், கூடைல போடாம கீழயே போட்டுக்கினு கீறீங்க?"

"கீழ விழறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கறேண்ணே."

"அதுக்கு ஒரு படிப்பு கீதா?"

பதினைந்து ஃப்ரேம். ஒவ்வொரு முறையும் பதினைந்து. அந்த வீடியோவும் என் போனும் விநாடிக்கு முப்பது ஃப்ரேம் கணக்குத்தான். பதினைந்து ஃப்ரேம் எடுக்க வேண்டிய விழுகை அந்த வீடியோவில் பத்தில் முடிந்திருந்தால், ஒன்று அன்றைக்குக் கோபாலபுரத்தில் மட்டும் புவியீர்ப்பு இரண்டேகால் மடங்கு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ வீடியோவை ஒன்றரை மடங்கு வேகமாக்கியிருக்க வேண்டும்.

வேகமாக்கியிருந்தால், லோகேஷின் முழங்கை உண்மையில் விநாடிக்கு நாலு மீட்டர் சொச்சம்தான். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கம். வீடியோ காட்டியதில் பாதிகூட இல்லை.

ஆட்டோவில் திரும்பும்போது சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருந்தது. வேகமாக்கியது யார்? ஏன் சத்தத்தை எடுத்தார்கள்? வேகமாக்கினால் குரலெல்லாம் கீச்சென்று மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவா? இதனால் யாருக்கு லாபம்? பழனியப்பன் சாரை நினைத்தேன். ரகு சாரையும் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

4. மூன்று வாக்குமூலம்

"எனக்கு ஸ்ரீராம்தான் அனுப்பினான்" என்றார் பழனியப்பன் சார். "ஏன், கிளியரா இல்லையா?"

அப்படியானால் அடிபட்டவனே. மயிலாப்பூரில் அவன் வீட்டுக்குப் போனபோது அந்தச் சந்தேகத்தோடுதான் மணியை அழுத்தினேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாது. அம்மா கதவைத் திறந்து, "மூணு வேளையும் கஞ்சியும் ஜூஸுமா ஸ்ட்ராலதான் குடிச்சிண்டிருக்கான். ரொம்ப நேரம் உக்காத்தி வைக்காதீங்கோ" என்றார்.

நான் கேட்பேன், ஸ்ரீராம் போனில் டைப் செய்து திருப்பிக் காட்டுவான்.

'வேகத்தைத் தொடலை. பாட்டை மட்டும் எடுத்தேன்.'

"என்ன பாட்டு?"

'அது ரீல். குத்துப்பாட்டோட வந்துது. விசாரணைக்கு அப்படியா அனுப்பறது? அசிங்கமா இருக்காது?'

"ரீலை யார் போட்டது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டைப் செய்தான். 'லோகேஷோட டீம்தான். வேற யாரு?'

நான் அதை இரண்டு முறை படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவனின் பக்கத்திலிருந்தே அவனுக்கு எதிரான சாட்சி.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பைக் ரிப்பேர் கடை வாசலில் லோகேஷும், அவனோடு விளையாடும் அப்புவும் இருந்தார்கள். ரீல் எடுத்தது அப்பு.

"வேகமாக்கினியா?"

"ஆமாக்கா. மெதுவா இருந்தா மாஸா இருக்குமா? ஒன்றரை வச்சேன். ரெண்டு வச்சா காமெடி ஆயிடும்."

"ஒரிஜினல் எங்கே?"

"போன்ல இடமே இல்லக்கா. அழிச்சிட்டேன்."

லோகேஷ் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "டேய் நைனா, நீ என் ஃபிரெண்டா, அவனுங்க ஃபிரெண்டாடா? ரெண்டு வருசம் வெளிய ஒக்கார வைக்கப் பாக்கறானுங்க, உன் மாஸால!"

"உனக்குத்தாண்டா போட்டேன்! அன்னிக்கு நீ ஹார்ட்டு வுட்டியே!"

நான் ரீலைத் திறந்து பார்த்தேன். 'கிட்ட வந்தா இதான்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே லோகேஷின் பெயரில் ஒரு சிவப்பு இதயம்.

"அவனுக்குத் தாடை உடைஞ்சது எனக்கு அப்போ தெரியாதுக்கா. சத்தியமா. சும்மா விழுந்தான்னு நெனச்சேன்."

சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு ஃப்ரேம் கணக்கு கிடையாது.

5. நகைக்கடை மாடியில்

விசாரணை பழனியப்பன் சாரின் கடை மாடியில் நடந்தது. கண்ணாடி மேஜை, மேலே சிவப்பு வெல்வெட் தட்டுகள். எதிரெதிரே லோகேஷும் ஸ்ரீராமும். நான் பந்து விழும் இரண்டு வீடியோக்களையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். கோர்ட்டில் நான் விட்ட பந்து பாதி வழியைத் தாண்டி வருவதற்குள் ரீல் பந்து தரையைத் தொட்டுவிட்டது. அதை விளக்க ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

பழனியப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. வேகம் கம்மி. அப்ப எத்தனை கிலோ? அதைச் சொல்லு."

"சார், உங்க சாவிக் கொத்தைக் கொடுங்க."

கொடுத்தார். வெல்வெட் தட்டின் மேல் விட்டேன். பொத்தென்று விழுந்தது. அதே உயரத்தில் கையைக் கண்ணாடி மேஜைக்கு மேல் நகர்த்தினேன்.

"ஏம்மா! கண்ணாடி! கண்ணாடி!"

"அதே சாவிதான் சார். அதே உயரம். அதே வேகம்."

"அதுக்கு?"

"வெல்வெட்ல விழுந்தப்ப நீங்க கத்தலையே. மெத்துன்னு கொஞ்சம் நேரம் எடுத்து நிக்குது, அடி கம்மி. கண்ணாடில டக்குன்னு நிக்கும், அடி அதிகம். அந்த நேரம் இந்த வீடியோல இல்ல. அது தெரியாம நான் எந்தக் கிலோவைச் சொன்னாலும் அது என் கற்பனை. ஏற்கெனவே சுத்தற இருநூறும் அப்படித்தான்."

அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் ரீலைத் திறந்து அந்த இதயத்தைக் காட்டினார். "இதுக்கு என்ன ஃபிசிக்ஸ்?"

"அதுக்கு ஃபிசிக்ஸ் இல்ல சார்."

லோகேஷ் எழுந்து, "நான் திரும்புனது பந்தைக் காப்பாத்த சார். ஹார்ட்டு போட்டது தப்பு. அது ரெண்டும் வேற வேற" என்றான்.

அப்போது ஸ்ரீராம் போனை மேஜையில் தள்ளினான். எல்லோரும் குனிந்து படித்தோம்.

'வேகம் மூணுல ரெண்டு பங்குதான்னா என் தாடை ஏன் முழுசா உடைஞ்சுது?'

என்னிடம் இருந்த பாதிப் பதிலைச் சொன்னேன். முழங்கை தனியாக வரவில்லை, தோளும் உடம்பும் அதற்குப் பின்னால் இருந்தன. முழங்கை முனை சின்னது, அடி முழுவதும் ஒரு இடத்தில் இறங்கியிருக்கும். அதோடு அவனும் அந்த முழங்கையை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான், இரண்டு வேகமும் கூடியிருக்கும். அவன் எவ்வளவு வேகத்தில் வந்தான் என்பதைக் கணிக்க முடியாது. ரீலில் அவன் கடைசி வரை லோகேஷின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறான்.

"அப்ப இன்னும் எதுவும் தெரியல" என்றார் பழனியப்பன் சார்.

"வீடியோவை நம்ப முடியாதுங்கறது தெரியுது சார். ஒரு வாரம் கொடுங்க."

அவர் லோகேஷையும் ஸ்ரீராமையும் மாறி மாறிப் பார்த்தார். "தள்ளி வைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை முடிவு. அதுக்கு மேல இழுக்க முடியாது. சான்று கொடுக்கறதா வேண்டாமான்னு எனக்கும் தெரியணும்."

6. ஞாயிற்றுக்கிழமைக்கு

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் இப்போதைக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். வீடியோ கைக்கு வந்ததும் அடியைப் பார்க்காதீர்கள். அந்த ஃப்ரேமில் யாரும் கவனிக்காமல் விழும் பொருளைத் தேடுங்கள். பந்தோ, தண்ணீர் பாட்டிலோ, கழன்ற ஷூவோ, எதுவானாலும். அதற்கு எந்த டீமும் கிடையாது.

பாண்டி பஜார் துணிக்கடை ஒன்றில் கழித்துப்போட்ட பொம்மையின் தலையை வாங்கி வந்திருக்கிறேன். அதற்குள் மணலை அடைத்து, மனிதத் தலையின் எடைக்குக் கொண்டுவந்தாயிற்று. தாடையில் ரப்பரும், உள்ளே அடியின் அதிர்ச்சியைப் பதியும் ஒரு முடுக்கமானியும். கழுத்துக்கு ஸ்பிரிங். அடியில் சக்கரம் வைத்த பலகை. என் போனின் ஸ்லோ மோஷனில் விநாடிக்கு இருநூற்று நாற்பது ஃப்ரேம் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், மோதும் நேரத்தை முடுக்கமானி சொல்லும். ரகு சார் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரும் பில் கொடுக்க மாட்டாங்க, தெரியுமில்ல?" என்று கேட்டார். அப்புறம் அவரே காமெரா முக்காலியை இறக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே கோர்ட்டில் லோகேஷ் அதே மாதிரி எம்பிப் பந்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும். அவன் இந்த முறை நல்லபிள்ளையாக மெதுவாகத் திரும்பிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒரு ஆளை விட்டு அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்க வைக்கப்போகிறேன். பொம்மையை யார் தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்ரீராமின் செய்தி வந்தது.

'நான் தள்றேன். ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், தள்ளக்கூடாதுன்னு சொல்லலை. எவ்வளவு வேகமா வந்தேன்னு எனக்குத்தானே தெரியும்.'

அவன் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினால் குற்றம் முழுவதும் முழங்கை மேல் விழும். அதுவும் என் மனதில் இருக்கிறது. தள்ளும் வேகத்தைத் தனியாக, திரும்பும் வேகத்தைத் தனியாக அளப்பேன். பலவிதமாக மாற்றி மாற்றிப் பார்ப்பேன். எந்த வேகத்தில் அந்தத் தாடை தாங்காது என்பது இருவர் பேச்சும் இல்லாமல் வர வேண்டும்.

அப்புதான் படமெடுக்கிறேன் என்று அடம்பிடிக்கிறான். சரி என்றேன். ஆனால் காமெரா ஓடத் தொடங்கியதும் முதல் வேலை என்னுடையது. கம்பத்தடியில் நின்று, மஞ்சள் பெயிண்ட் முடியும் இடத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விடப்போகிறேன். அது நேரத்துக்கு விழுந்தால்தான் மற்றதெல்லாம்.