கொழும்பில் பாதியில் நின்ற புலம்பல்

இன்னாசிமேரியின் கைகள் எப்போதும் வெளுத்திருக்கும். அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவும் வேலை அவளுக்கு. கிழங்குப் பால் விரல் இடுக்குகளில் ஊறி ஊறி, தோல் தண்ணீரில் கிடந்த துணிபோலச் சுருங்கிவிட்டது. கோயிலில் பூசையின்போது நன்மை அப்பம் வாங்கப் போகும்போது கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். ஆனால் அவள் வாயைத் திறந்து பாடினால் யாரும் அவள் கையைப் பார்க்க மாட்டார்கள்.

அவள் பாடியது ஒரே ஒரு பாட்டு. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பெண்கள் பாடும் மாதாவின் புலம்பல். அவள் எடுத்துக் கொடுப்பாள்; ரோசியும் நானும் வாங்கிப் பாடுவோம். மூவரும் ஒரே தெரு, மில்லில் ஒரே வரிசை. ரோசி எங்களுக்கு மூத்தவள், வாய்த்துடுக்கு அதிகம். மூவரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அதுவும் மூன்றாம் வகுப்போடு சரி. பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அது இன்னாசியிடம்தான் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டிலும் இந்தப் புலம்பலைத்தான் பாடுவோம். ஆண்டவரைப் பிடித்துக் கொண்டுபோகிற இடத்தில் தொடங்கி, சிலுவையில் அறைந்து, இறக்கி, மாதாவின் மடியில் கிடத்தி, கல்லறையில் வைக்கிற வரைக்கும் பாட்டு போகும். கல்லறையில் வைத்த பிறகுதான் வீட்டிலிருக்கும் உடலைத் தூக்க விடுவோம். ஒருவருக்காகத் தொடங்கிய பாட்டை நடுவில் நிறுத்தினால், செத்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார் என்று சொல்வார்கள். சாமியார் யாரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் அதை நம்பாதவர்கள் இல்லை.

இன்னாசியின் ஒரே மகன் சவரியார். பதினெட்டு வயதில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். ஐந்தாவது வருஷம் கிரேன் கயிறு அறுந்து அரிசி மூட்டைகள் அவன் மேல் விழுந்தன. அவனோடு வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ராயப்பன் அவனுடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குள் அவனைப் புதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடல் இல்லாத வீட்டில் புலம்பல் பாடுவதில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குப் பாடியவள் தன் மகனுக்குப் பாடவில்லை. இன்னாசி அதைப் பற்றி அழுததை நான் பார்த்ததில்லை. கிழங்கைச் சீவும்போது திடீரென்று கத்தியை நிறுத்திக்கொண்டு, "அவனுக்கு ஆரு பாடியிருப்பா?" என்று மட்டும் கேட்பாள்.

1956ஆம் வருஷத் தபசு காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு சாமியார் எங்கள் பங்குக்குத் தியானம் கொடுக்க வந்தார். புலம்பலைக் கேட்டுவிட்டு, அங்கே ஒரு சங்கத்தார் வருஷா வருஷம் கிறிஸ்தவ இசைவிழா நடத்துகிறார்கள், அடுத்த வருஷம் நீங்கள் மூவரும் வந்து பாட வேண்டும், போக்குவரத்தெல்லாம் அவர்கள் பொறுப்பு என்றார். ரோசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னாசி சிரிக்கவில்லை.

"எந்த ஊருங்க சாமி?" என்றாள்.

"கொழும்பு அம்மா."

"வாரோமுங்க" என்றாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷத் தபசு காலத்தில் நாங்கள் லீவு கேட்கப் போனபோது மில் முதலாளி காளியண்ணக் கவுண்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனாத்தா, கப்பலேறிப் போயிப் பாடப் போறீங்களாமா? இங்க பக்கத்துல இருக்கிற ஆத்தூருக்குப் போகச் சொன்னா பஸ்ஸுல வாந்தி வருதுங்கறீங்க."

"ஆத்தூருல எங்களுக்கு மேடை போடலீங்களே" என்றாள் ரோசி.

"அழுவுறதுக்கு மேடையா! சரி, போயிட்டு வாங்க சாமி. கெழங்கு காத்திருக்காது, அதை மட்டும் நெனப்புல வெச்சுக்கங்க."

ரயிலில் வழியெல்லாம் ரோசிதான் பேசிக்கொண்டு வந்தாள். கப்பலேறுகிறவர்களைச் சோதிக்கிற மண்டபம் முகாமில் டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னார். "என் நாக்கை நீட்டச் சொன்ன மொத ஆம்பள நீங்கதானுங்க, எல்லாரும் மடக்கத்தான் சொல்லுவாங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டாள். தனுஷ்கோடியில் கப்பலைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கெட்டியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னாசி மட்டும் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு இசைவிழாவைப் பற்றிக் கவலை இல்லை. மகன் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பலை முழுவதும் பாடிவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் அவள் வந்தாள். எங்களுக்கும் அது தெரியும்.

அப்போதும் கொழும்பிலேயே வேலை செய்த ராயப்பன் விழாவன்று காலையில் வந்து எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவருக்கு இடம் நன்றாக நினைவிருந்தது. பின்பக்கச் சுவரோரம், ஈரப்பலா மரத்தடி. மரம் இருந்தது. மரத்தடியில் புதிதாக வெட்டிய மண்ணும், பெயர் தெரியாத நாலைந்து மரச்சிலுவைகளும் இருந்தன. காவல்காரர் வந்தார்.

"இது இல்லாதவங்கட பொதுநிலம். வருஷம் போனால் திருப்பித் தோண்டுறதுதான் அம்மா" என்றார்.

"அப்ப எம்பையன்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். ராயப்பன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இங்கதானுங்க அம்மா, இந்த வேருக்கு இந்தாண்டதான்" என்று ஒரு இடத்தைக் காட்டினார். பிறகு இன்னொரு இடத்தைக் காட்டினார். இன்னாசி குனிந்து எந்த மண்ணையும் தொடவில்லை.

"உக்காரு இன்னாசி, பாடிரலாம்" என்றாள் ரோசி.

"எந்தக் குழியப் பாத்துப் பாடறது? அடுத்தவன் பிள்ளைக்குப் பாடிட்டுப் போகவா?" என்றாள். வாசலுக்கு வந்த பிறகு சொன்னாள்: "சாயந்தரம் பாடறது அவனுக்குத்தான். இந்த ஊருக்குள்ள எங்க கெடந்தாலும் கேக்கட்டும்."

இசைவிழா நடந்த மண்டபம் பெரியது. மின்விசிறிகள், வெல்வெட் திரை, முன்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள். எங்களுக்கு முன்னால் பியானோவோடு ஒரு கூட்டம் பாடிவிட்டுப் போனது. விழாக்காரர் ஒருவர் எங்களிடம் வந்து, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம், மணி அடித்தால் முடித்துவிட வேண்டும் என்றார். இன்னாசி தலையை ஆட்டினாள். மில்லில் மேஸ்திரி எது சொன்னாலும் ஆட்டுவதுபோல ஆட்டினாள். நாங்களும் ஆட்டினோம். புலம்பல் எவ்வளவு நேரம் போகும் என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. உடல் இருக்கும், பாடுவோம், முடியும், தூக்குவார்கள். அதை அளந்து பாட முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

நாற்காலி வேண்டாம் என்று பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தோம். மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். இன்னாசி கூந்தலை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடி, சவரியார் என்று வாய்க்குள் சொன்னாள். எனக்குக் கேட்டது. பிறகு எடுத்தாள். அப்படி அவள் பாடி நான் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

சிலுவை சுமக்கிற இடத்தில் மணி அடித்தது.

பாட்டுக்குள் இறங்கிய பிறகு விழாக்காரர் சொன்னது யாருக்கும் நினைவில்லை; எங்களுக்குத் தெரிந்த மணி ஒன்றுதான். பூசையில் நடுப்பூசை நேரத்தில் அடிக்கிற மணி. அடித்தால் தலையைக் கவிழ்த்து மார்பில் தட்டிக்கொள்வோம். மூவரும் ஒன்றுபோல் தலையைக் கவிழ்த்து, மார்பில் தட்டிக்கொண்டு, மேலே பாடினோம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுபடி மணி அடித்தது. மறுபடி கவிழ்ந்து தட்டிக்கொண்டோம். இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்ட பிறகுதான் ரோசிக்கு விளங்கியது. அவள் குரல் நின்றுவிட்டது. இன்னாசிக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆணி அறைந்து முடித்து, மாதா கீழே நின்று பார்க்கிற இடத்துக்கு வந்திருந்தாள். அப்போது திரையை மூடினார்கள். அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

புலம்பலுக்குக் கை தட்டி நாங்கள் கேட்டதில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். திறந்துகொண்டே பாடினாள். இரண்டு பையன்கள் மைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்துப் பாட வேண்டிய பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார்கள்.

"அம்மா, நேரம் முடிஞ்சுது, எழும்புங்கோ" என்றார் விழாக்காரர். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

ரோசி இன்னாசியின் தோளைப் பிடித்து இழுத்தாள். "எந்திரி இன்னாசி. எல்லாரும் சிரிக்கறாங்க. மானம் போவுது."

"இன்னும் எறக்கலயே ரோசி."

"எந்திரிங்கறேன்!"

"எம்பையன் மேல தொங்கறான். இன்னும் எறக்கல."

ரோசி அவளை எழுப்பி நிறுத்திவிட்டாள். கீழே கிடந்த பாயை அந்தப் பையன்கள் சுருட்டினார்கள். பிறகு மூவருக்கும் ஆளுக்கொரு சால்வை போட்டார்கள். ரோசி போர்த்திக்கொண்டாள். இன்னாசியின் சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது; நான் எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

திரும்புகிற வழியில் தலைமன்னாரில் கப்பலேறி உட்கார்ந்ததும் இன்னாசி எங்கள் பக்கம் திரும்பினாள். "கப்பலு இன்னும் நவுரல. இது அவன் இருக்கிற மண்ணோட ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குது. மீதிய எடுக்கறேன், வாங்கிக்கங்க" என்றாள்.

"சும்மா இரு சாமி. அங்க சிரிச்சது போதாதா? ஊட்டுல போயிப் பாடிக்கலாம்" என்றாள் ரோசி.

இன்னாசி எடுத்துவிட்டாள். "ஏணி வைத்து இறக்குங்கள், என் மடியில் கிடத்துங்கள்." நான் வாங்கிப் பாடினேன். ஒருத்தி வாங்கினால் அது புலம்பல் ஆகாது. வாங்குவதற்கு இரண்டு குரலாவது வேண்டும். மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோசி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சங்கு ஊதியது. முதல் அடி முடிவதற்குள் கரை விலகிவிட்டது. இன்னாசி வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கப்பலேறிப் பாடிவிட்டு வந்தவள் என்று வேறு பங்குகளிலிருந்தும் அவளைக் கேட்க வந்திருந்தார்கள். இன்னாசி எழுந்து நின்று, தொடக்கத்தை விட்டுவிட்டு, "ஏணி வைத்து இறக்குங்கள்" என்று எடுத்தாள். சனங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோயிலில் செபமும் பாட்டும் நடத்தும் உபதேசியார் உபகாரசாமி கிட்ட வந்தார்.

"முதல்ல இருந்து எடுங்க அம்மா. மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க. இங்க வரைக்கும் பாடியாச்சுங்க" என்றாள்.

அவருக்கு எப்படி விளங்கும்? பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்து, தானே கணீரென்று முதல் அடியை எடுத்துவிட்டார். கோயில் முழுவதும் அதை வாங்கிக்கொண்டது. இன்னாசி இன்னும் கொஞ்சம் பாடினாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன், குரல் கேட்கவில்லை. பக்கத்தில் ரோசி வாயே திறக்காமல் நின்றாள். அதற்குப் பிறகு இன்னாசி எங்கேயும் பாடவில்லை. சாவு வீட்டுக்கு வந்து கூப்பிட்டால், "எங்கிட்ட பாதிதான் இருக்குது" என்று அனுப்பிவிடுவாள். உபதேசியார் வேறு பெண்களைப் பழக்கினார். ரோசியும் அவளும் மில்லில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். "கத்தியக் குடு", "கூடை நெறஞ்சுது" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. ரோசி வேடிக்கை பேசுவதையே விட்டுவிட்டாள்.

அறுபத்தொன்றில் இன்னாசிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சேலம் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ரோசி தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, பேசாமல் ஊட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் நானும் இருந்தேன். இன்னாசி கஞ்சியைத் தள்ளினாள்.

"எனக்குப் பாடாதீங்க" என்றாள்.

"என்ன பேச்சு பேசற?"

"கொழும்புல நீ என்ன எழுப்பிவிட்ட எடம் நெனப்பிருக்குதா?"

ரோசி கரண்டியைக் கீழே வைத்தாள். "இருக்குது" என்றாள்.

"அங்கிருந்து எடுங்க. அவன் பேரச் சொல்லி எடுங்க. நான் செத்தா ஊடு கொள்ளாத சனம் வரும், ஒருத்தரும் நிறுத்தமாட்டாங்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன? நான் இங்கதான் கெடப்பேன். எந்தக் குழின்னு உங்களுக்குத் தெரியுமே."

அடுத்த வாரம் போய்விட்டாள். வீடு நிறைந்து வாசல்வரை சனம். உபதேசியார் பழக்கிய பெண்கள் பாடத் தயாராக வந்திருந்தார்கள். ரோசி அவர்களை விலக்கிவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்தாள். "சவரியார்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஏணி வைத்து இறக்குங்கள்" என்று எடுத்தாள். செத்தது தாய், பேர் சொல்வது மகனையா என்று பின்னால் முணுமுணுத்தார்கள். இவளும் மறந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். உபதேசியார் வாசற்படியில் வந்து வாயைத் திறந்தார். ரோசி பாடிக்கொண்டே அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். நானும் இன்னொருத்தியும் வாங்கிப் பாடினோம். இறக்கினோம், மடியில் கிடத்தினோம், கல்லறையில் வைத்தோம். பிறகு இன்னாசியைத் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்து வருகிற வழியில், "பாதிப் பாட்டோட போயிட்டா" என்று இரண்டு பெண்கள் எங்கள் காதுபடவே பேசிக்கொண்டு போனார்கள். ரோசி திரும்பவில்லை. தெருமுனைக்கு வந்ததும், "செல்வமேரி, இங்க பாடினது அங்க அவனுக்குப் போய்ச் சேந்திருக்குமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"போயிருக்கலைன்னா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சே" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது, எங்கள் வரிசையில் இன்னாசி உட்காரும் இடத்தில் பாவாயி என்று ஒரு புதுப்பெண் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ரோசி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தன் கத்தியை எடுத்தாள்.