மயக்கத்தில் வாய் திறந்தால்

தோட்டவெளியிலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குப் போகும் பஸ்ஸில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் எமல்டாவுக்கு இருக்க இடம் கிடைத்துவிடும். அதுதான் அவருக்குப் பிடிக்காதது. கர்ப்பிணித் தாய்மாருக்கென்று ஒதுக்கிய ஆசனத்தில் இருப்பவரை நடத்துனர் தோளில் தட்டி, "அண்ணை, எழும்புங்கோ, பிள்ளைத்தாச்சி நிக்கிறா" என்பார். எமல்டாவுக்கு வயது நாற்பத்தெட்டு. கடைசி மகள் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தாள். தொடக்கத்தில் நடத்துனர்களுக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தார். விளக்கம் சொன்னால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. பிறகு பேசாமல் இருந்துகொள்ளப் பழகினார்.

மூன்று பிள்ளைகளும் சத்திரசிகிச்சை மூலம் பிறந்தவர்கள். வயிற்றின் நடுத்தசைகள் இரண்டு பக்கமும் விலகிப்போக, தோல் மடிந்து தொங்கியது. கோடை காலத்தில் அந்த மடிப்புக்குள் வியர்த்துப் புண் வந்தது. தொப்புளுக்கு மேலே சிறு எலுமிச்சங்காய் அளவில் குடல் தள்ளிக்கொண்டு நிற்பதும், இருமினால் நோவதும் பின்னர் சேர்ந்தன. இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டவரால் தாங்க முடியாமற்போனது, பேசாலையில் ஒரு வீட்டில் நடந்தது. பெண் கேட்டுப் போன இடத்தில், பெண்ணின் பெரியம்மா எல்லோருக்கும் தேநீரும் எமல்டாவுக்கு மட்டும் பாலும் கொண்டுவந்து வைத்து, "எத்தனை மாசம், பிள்ளை?" என்று அன்பாகவே கேட்டார். எமல்டா பாலைக் குடித்தார். போன விடயத்தைப் பேசாமலே திரும்பி வந்தார்.

கலியாணம் பேசுவதுதான் அவருடைய தொழில். அந்தத் தொழிலில் அவர் வகுத்துக்கொண்ட நெறி ஒன்று மன்னார்த் தீவு முழுவதும் தெரிந்திருந்தது. "கேட்டாப் பொய் சொல்ல மாட்டன். கேளாட்டி வாய் திறக்க மாட்டன்." இந்த நெறியை நம்பித்தான் தாய்மார் தங்கள் வீட்டில்கூடச் சொல்லாதவற்றை அவரிடம் சொன்னார்கள். யாருடைய மகனுக்கு முன்னர் ஒரு பேச்சு முறிந்தது, யாருடைய மகளுக்குக் காது கேட்பது குறைவு என்பதெல்லாம் அவருக்குள் பத்திரமாக இருந்தன.

அந்த ஆண்டு அவர் பேசி முடித்த கலியாணங்களில் ஒன்று, ஓலைத்தொடுவாய்ச் சுவேதினிக்கும் தாழ்வுபாட்டு நிறோஜனுக்கும் உரியது. சுவேதினி பாலர் பாடசாலை ஆசிரியை. நிறோஜன் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவன். சிறு வயதில் சுவேதினிக்கு வலிப்பு வருவதுண்டு. குளிசை எடுத்துச் சுகமாகி, வைத்தியர் சொன்னபடி பன்னிரண்டாவது வயதில் குளிசையையும் நிறுத்தியாயிற்று. அதன்பின் ஒரு தடவைகூட வரவில்லை. இதை எமல்டாவிடம் சொன்னவர் அவளுடைய தாய் சுதர்ஷினி. மாப்பிள்ளை வீட்டார் அப்படியொன்றைக் கேட்கவில்லை. எமல்டாவும் வாய் திறக்கவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறுகள் வாசிக்கும் விவாக அறிவித்தலில் முதலாவது வாசிக்கப்பட்டது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சுவாமியார் வாசித்தபோது, அறிந்தது தடையல்ல என்று எமல்டா தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த வாரமே யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. குடலை உள்ளே தள்ளித் தைத்து, விலகிய தசைகளை இழுத்துச் சேர்த்து, தொங்கும் தோலை வெட்டி எடுக்கும் ஒப்பரேசனுக்குத் திகதி குறித்திருந்தார்கள். அதற்கு முன்னர் மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்க வேண்டும்.

அந்த வைத்தியர் ஸஹ்றா, எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். இரத்த அழுத்தம், சலரோகம், ஆஸ்துமா, கட்டுப் பல் என்று வரிசையாகக் கேட்டு வந்தவர், "வலிப்பு வாறதோ?" என்றார்.

எமல்டா கதிரையில் நிமிர்ந்தார். "ஆருக்கு?"

"உங்களுக்குத்தான், அம்மா. வேற ஆருக்கு?"

"எனக்கில்லை, டொக்டர். எனக்கு ஒண்டுமில்லை."

வைத்தியர் மேற்கொண்டு விளக்கினார். "மூண்டு வழி இருக்கு. முதலாவது, முழு மயக்கம். கையிலை மருந்து ஏத்தின உடனை நித்திரையாப் போவீங்கள். தொண்டைக்குள்ளை குழாய் வைச்சு, மெசின் உங்களுக்காக மூச்சு விடும். முடியும் மட்டும் ஒண்டும் தெரியாது. ரெண்டாவது, முதுகிலை ஊசி. ஊசிக்குக் கீழை மரத்துப் போகும், நீங்கள் முழிச்சிருப்பீங்கள். மூண்டாவது, வெட்டுற இடத்தை மட்டும் மரக்கப் பண்ணி, கூடக் கொஞ்சம் தூக்க மருந்து குடுக்கிறது. அது கொஞ்சத் தோல் மட்டும் எடுக்கிற ஆக்களுக்குச் சரி. உங்களுக்குத் தசையும் தைக்க வேணும், அது காணாது."

"இதிலை எதிலை, டொக்டர், வாய் என்ரை சொல்லுக் கேக்கும்?"

வைத்தியர் பேனாவை மேசையில் வைத்தார். "வாயோ?"

எமல்டா காரணத்தைச் சொல்லாமல் உதாரணத்தைச் சொன்னார். ஓலைத்தொடுவாயில் பவுலு என்ற ஒருவர், கால் முறிவுக்கு மயக்கம் கொடுத்து எழும்பும்போது, தமையனின் வலையை அறுத்தது தான்தான் என்று ஆஸ்பத்திரி வாட் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். தமையன் தோடம்பழப் பையுடன் பக்கத்தில் நின்றிருந்தார். இன்றைக்கும் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லை.

வைத்தியருக்குச் சிரிப்பு வந்தது. "எங்கடை ஊரிலையும் இந்தக் கதை இருக்கு. அங்கை வலை இல்லை, ஆடு." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். "முழு மயக்கத்திலை குழாய் இருக்கும் மட்டும் சத்தமே வராது. எழும்பேக்கை சில பேர் கொஞ்ச நேரம் புலம்புவினம். அனேகமாத் தண்ணி கேப்பினம், குளிருது எண்டுவினம். தூக்க மருந்துதான் சில பேருக்கு நாக்கை அவிட்டு விடும். சொன்னது பிறகு அவைக்கே ஞாபகம் வராது."

"அப்ப முதுகு ஊசி. தூக்க மருந்து வேண்டாம். கடைசிப் பிள்ளைக்கும் அதுதான் போட்டது. படுத்த படியே அந்த டொக்டரின்ரை மச்சாளுக்கு மாப்பிள்ளை சொன்னனான். கலியாணமும் நடந்தது."

"சிசேரியன் ஒரு மணித்தியாலத்துக்குள்ளை முடியும், அம்மா. இது மூண்டு மணித்தியாலம் போகும். நெஞ்சாங்கூடு வரைக்கும் மரக்க வைக்கோணும். மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். அசையாமல் கிடக்கோணும். இடையிலை ஊசியின்ரை மரப்பு விட்டுதெண்டா, வெட்டின வயித்தோட முழு மயக்கத்துக்கு மாத்த வேண்டி வரும். செய்யலாம். ஆனா எனக்கு விருப்பமில்லை. முழு மயக்கந்தான் உங்களுக்கு நல்லது. யோசிச்சு, வாட்டுக்கு வாற அண்டைக்குச் சொல்லுங்கோ."

வெளியே வந்த எமல்டாவை நீண்ட நடைக்கூடத்தில் ஒரு தாதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நிறோஜனின் அக்கா கிருசாந்தினி. "அன்ரி! பேரைக் கண்டனான். பயப்பிடாதேங்கோ, நான்தான் அண்டைக்கு ஒப்பரேசன் தியேட்டரிலை. கண்ணை மூடேக்கையும் திறக்கேக்கையும் உங்கடை தலைமாட்டிலை நான் நிப்பன்."

எமல்டா அவளுடைய கையைப் பிடித்து, "நல்லது, பிள்ளை" என்றார்.

திரும்பும் வழியில், பாப்பாமோட்டை கடந்ததும், பக்கத்தில் இருந்த கணவர் மரியதாஸ்தான் தொடங்கினார். "இஞ்சேரும், டொக்டர் சொல்லுறதைக் கேளும். முழு மயக்கமே எடும்."

"நான் நித்திரையிலை கதைக்கிறனானோ?"

"கதைக்கிறதோ? போன கிழமையும் ஆரோடையோ சீதனம் பேசினனீர். 'வளவு வேண்டாம், வள்ளத்தைத் தாங்கோ' எண்டனீர்."

வேறு நாளாயின் எமல்டா சிரித்திருப்பார். அன்று அது தீர்ப்பைப் போல ஒலித்தது. மாப்பிள்ளையின் அக்கா தலைமாட்டில் நிற்க, தம் வாயிலிருந்து சுவேதினியின் பழைய நோய் வெளியே விழுந்தால், அது தாயின் வாயிலிருந்து வந்ததாக இராது. ஒளித்து வைத்து அகப்பட்டதாக ஆகிவிடும். கலியாணம் நின்றால், நின்ற காரணம் ஓலைத்தொடுவாயிலிருந்து தலைமன்னார் வரை போகும். அதன்பின் சுவேதினியைக் கேட்டு யார் வருவார்கள்?

மறுநாள் அவர் ஓலைத்தொடுவாய்க்குப் போனார். நடந்ததைச் சுதர்ஷினியிடம் ஒளிக்காமல் சொன்னார். சுதர்ஷினிக்கு முடிவெடுக்க நேரம் தேவைப்படவில்லை.

"அக்கா, நீங்கள் முதுகு ஊசியையே போடுங்கோ. மூண்டு மணித்தியாலந்தானே? கொஞ்சம் பல்லைக் கடிச்சா முடிஞ்சுது."

"ஆரின்ரை பல்லு, சுதா?"

"அதுக்கில்லையக்கா. வேணுமெண்டா ஒப்பரேசனைக் கலியாணத்துக்குப் பிறகு செய்யுங்கோவன்."

"குடல் நெரிஞ்சா உயிருக்கு ஆபத்து எண்டவை."

பாடசாலையிலிருந்து வந்து, கை கழுவாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த சுவேதினி உள்ளே வந்தாள். விரல்களில் பாலர்களுடைய நிறச் சோக்கு ஒட்டியிருந்தது. "என்ரை வலிப்பு வருத்தத்துக்கு நீங்கள் ஏன் அன்ரி வெட்டின வயித்தோட முழிச்சுக் கிடக்கோணும்?"

"நீ சும்மா இரு" என்றார் தாய்.

"சும்மா இருந்துதானம்மா இவ்வளவு தூரம் வந்தது. நான் அவருக்குச் சொல்ல வேணுமெண்டு பெண் பார்க்க வந்த அண்டையிலிருந்து நினைக்கிறன். நீங்கள்தான் விடேல்லை."

அவள் அங்கேயே, இருவரும் கேட்க, நிறோஜனுக்கு அழைப்பெடுத்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாக, தொடக்கத்திலிருந்து சொன்னாள். மறுபக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "சரி. நான் பிறகு எடுக்கிறன்" என்று மட்டும் சொல்லி அவன் தொடர்பைத் துண்டித்தான்.

அன்று அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. எமல்டா உடுப்புப் பையுடன் வாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சுவேதினியிடமிருந்து வந்த செய்தி, "இன்னும் இல்லை அன்ரி. நீங்கள் யோசியாதேங்கோ" என்பதுதான்.

வைத்தியர் ஸஹ்றா கட்டிலருகே வந்து, "என்ன முடிவு?" என்று கேட்டார்.

"முழு மயக்கம், டொக்டர். இனி வாயைக் காவல் பண்ண ஒண்டுமில்லை."

வைத்தியர் காரணம் கேட்கவில்லை. ஒப்பரேசன் முடியும் தறுவாயில் வயிற்றுச் சுவரிலும் மரக்கும் ஊசி போடுவதாகவும், எழும்பும்போது நோவு குறைவாக இருக்கும் என்றும் சொன்னார். விடியற்புறத்துக்குப் பின் எதுவும் உண்ணக் கூடாது என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

தியேட்டரில், சொன்னபடியே தலைமாட்டில் கிருசாந்தினி நின்றாள். முகத்தில் பாதி மூடியிருந்தது. தம்பி சொல்லியிருப்பானா, சொல்லவில்லையா என்பதைக் கண்களில் வாசிக்க எமல்டா முயன்றார். எத்தனையோ வீடுகளில், வாய் சொல்லாததைக் கண்களில் படித்தவர் அவர். இந்தக் கண்கள் மருந்துக் குழாயைப் பார்த்தன, கடிகாரத்தைப் பார்த்தன. "பிள்ளை, தம்பி..." என்று தொடங்கினார். மூக்கின் மேல் முகமூடி வந்தது. "நல்லா மூச்சு எடுங்கோ, அம்மா" என்றது வைத்தியரின் குரல். கேள்வி முடியவில்லை.

அதன்பின் உடனேயே என்றுதான் அவருக்குத் தோன்றியது, யாரோ தம்மைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். தொண்டை கரகரத்தது. வயிற்றின் மேல் இறுக்கமான பட்டி ஒன்று. தலைமாட்டில் கிருசாந்தினி, இப்போது முகம் திறந்திருந்தாள்.

"முடிஞ்சுது, அன்ரி. எல்லாம் நல்லம்."

நினைவு தெளியச் சிறிது நேரம் சென்றது. தெளிந்தவுடன் எமல்டா கேட்ட முதற்கேள்வி, "நான் என்னெல்லாம் கதைச்சனான்?"

கிருசாந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கொஞ்சம் சத்தம் போட்டனீங்கள்."

"என்னெண்டு?"

"டொக்டரின்ரை கையைப் பிடிச்சு, 'இது மூண்டு பெத்த வயிறு, நாலாவது இல்லை, பால் வேண்டாம்' எண்டு பேசினனீங்கள். பிறகு 'நான் நிண்டு வாறன், அவரை எழுப்பாதேங்கோ' எண்டனீங்கள். ஆரை எழுப்பக் கூடாது எண்டு எங்களுக்கு விளங்கேல்லை."

பஸ்ஸில் அந்த ஆசனத்தில் இருப்பவரை என்று எமல்டாவுக்கு விளங்கியது. கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களின் ஓரத்தால் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. கிருசாந்தினி அதை நோவு என்று எண்ணி, மருந்து கூட்டவா என்று கேட்டாள்.

"வேண்டாம், பிள்ளை. வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சுவேதினியின்ரை விசயத்தையோ? அதைத் தம்பி எனக்கு அண்டைக்கே சொன்னவன். திருப்பி வருமோ, பிள்ளையளுக்கு வருமோ, எல்லாம் கேட்டான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லி, மிச்சத்துக்கு நரம்பு டொக்டரிட்டை விட்டன். ரெண்டு நாள் அவன் ஒழுங்காச் சாப்பிடேல்லை. வருத்தத்துக்கில்லை அன்ரி, முதலே சொல்லேல்லை எண்ட கோபம்." போர்வையை இழுத்து விட்டாள். "உங்களிலையும் கோபம். எனக்கும்தான்."

"நியாயந்தான்" என்றார் எமல்டா.

"இண்டைக்கு விடிய ஓலைத்தொடுவாய்க்குப் போனவன். நீங்கள் உள்ளை கிடக்கேக்கைதான் அழைப்பெடுத்தான். ரெண்டாவது அறிவித்தல் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறது எண்டு சொல்லச் சொன்னான்."



சில வாரங்கள் கழித்து, சுவேதினியின் கலியாணத்துக்கு எமல்டா பஸ்ஸிலேயே போனார். வயிற்றில் பட்டி, அதன் மேல் சேலை, நடை சற்றே முன்வளைவு. ஆசனங்கள் நிறைந்திருந்தன. நடத்துனர் அவரைத் தாண்டிக் காசு வாங்கிக்கொண்டு போனார். ஒருவரும் எழும்பவில்லை. தையல் இழுத்தது. தாழ்வுபாடு வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே போனார்.

கோயில் வாசலில், பேசாலைப் பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பிள்ளை, வத்திப்போனாய்? ஏதும் வருத்தமோ?"

கேட்டால் பொய் சொல்வதில்லை என்ற நெறி இன்னும் நின்றது. "ஒப்பரேசன் செய்தது, பெரியம்மா. வயித்தை வெட்டித் தைச்சது. முழு மயக்கத்திலை" என்றார் எமல்டா. பிறகு, கேளாமலே, இன்னொன்றையும் சொன்னார். "அண்டைக்கு நீங்கள் பால் தந்தனீங்கள். அப்பவும் பிள்ளை இல்லை."

பெரியம்மா வாய் திறந்தபடி நிற்க, உள்ளே பாட்டுத் தொடங்கியது. எமல்டா மெதுவாகப் படியேறினார்.