எரிஞ்ச கொழுந்தும் லண்டன் பரீட்சையும்

ஆத்தா சன்னதியில கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஆடி மாசம் ரெண்டாம் வெள்ளி, என் பொழப்புல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன். அன்னிக்கு மாரியாத்தா என்னை எப்படிக் காப்பாத்துனான்னு சொல்லத்தான் எந்திரிச்சு நிக்கிறேன்.

நான் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன். இங்க அட்டனில ஒரு நட்ட மதிப்பீட்டாளர்கிட்ட கிளார்க்கா இருந்தேன். கடை எரிஞ்சாலும், மழையில கூரை சரிஞ்சாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க எங்க ஐயாவைத்தான் அனுப்புவாங்க. போய்ப் பார்த்து, உண்மையில எவ்வளவு நட்டம்னு அறிக்கை எழுதணும். நானும் அந்த வேலைக்கு வரணும்னா லண்டன் பரீட்சை பாஸ் பண்ணணும். தபால்ல பாடம் வரும். ஆறு வருஷம் முட்டி மோதிப் படிச்சேன். மிச்சம் இருந்தது கடைசிப் பரீட்சை ஒண்ணுதான். அதை எழுதணும்னா, தனியா ஒரு நட்டத்தை ஒழுங்கா மதிப்பிட்டேன்னு ஐயா கையெழுத்து வச்ச பாரம், அதான் அத்தாட்சிப் படிவம், லண்டனுக்குப் போகணும்.

அதுக்காகவே ஒரு தேயிலைப் பேக்டரி தீயை ஐயா என்கிட்ட விட்டாரு. மேல் மாடியில வாட்டப் பரப்பியிருந்த கொழுந்து அத்தனையும் கருகிக் கிடந்துச்சு. பச்சைக் கொழுந்தை நிறுத்து எழுதுற நிறுவைப் புத்தகம் மட்டும் தப்பிச்சிருந்துச்சு. பாரம் அனுப்ப நாள் நெருங்கிட்ட அவசரம் எனக்கு. புத்தகத்துல இருந்த எடையை அப்படியே எடுத்து, எரிஞ்ச தேயிலைன்னு எழுதிப்புட்டேன். என்மேல இருந்த நம்பிக்கையில ஐயா அறிக்கையை வாசிக்காமலே கையெழுத்து வச்சாரு. வெள்ளிக்கிழமை காலையிலயே அதைக் கொழும்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தபால்ல சேர்த்துட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்துல வீட்டுக்கு வந்தேன்.

சோறு போடுறப்ப என் சம்சாரம் லெச்சுமிகிட்டப் பீத்திக்கிட்டேன். அவ கொழுந்து எடுத்தவ. எடையைக் கேட்டதும் கரண்டியோட நின்னுட்டா.

"ஏங்க, நாலு றாத்தலுக்கு மேல பச்சைக் கொழுந்து காஞ்சாத்தானே ஒரு றாத்தல் தேயிலை? நீங்க பச்சையை எல்லாம் தூளாக்கிட்டீங்களே!"

ஆத்தாடி! எங்கம்மா முப்பது வருஷம் கூடை சுமந்தவங்க. அவங்க வயித்துல பொறந்த எனக்கா இது தெரியாமப் போச்சு? கொழும்புல கண்டுபிடிச்சா ஐயா பேரு நாறிடும். என் வேலை போகும், பரீட்சையும் போகும்.

சோத்தை அப்படியே வச்சுட்டுக் கொட்டுற மழையில இதே கோயிலுக்குத்தான் ஓடியாந்தேன். ஒளிக்காமச் சொல்றேன், "யார் கண்ணுலயும் படாம மறைச்சிரு தாயே"ன்னுதான் அழுதேன். கள்ளன் கும்பிடுற மாதிரி கும்பிட்டேன்.

வெளிய வந்தா ஸ்டேஷன் பக்கம் ஒரே கூட்டம். வட்டவளைக்குக் கீழ மண்ணு சரிஞ்சு ரயில் பாதை மூடிருச்சாம். காலையில போன ரயில் திரும்பி வந்துருச்சு, நல்ல வேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல, தபால் மூட்டையும் தபால் கந்தோருக்கே வந்துருச்சுன்னாங்க. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. ஓடிப்போய் தபால் மாஸ்டர்கிட்ட சிங்களத்துல கெஞ்சினேன். உங்க மஹத்தயா எழுதிக் கேட்டாத்தான் தருவேன்னுட்டாரு, எங்க ஐயாவைத்தான் அப்படிச் சொன்னாரு.

ஆத்தா செஞ்ச வேலையைப் பாத்தீங்களா! நான் மறைக்கச் சொன்னேன். அவ கடுதாசியைத் திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டு, போய் உண்மையைச் சொல்லி வாங்கிக்கடான்னுட்டா.

நேரா ஐயாகிட்டப் போனேன். லெச்சுமி கண்டுபிடிச்சதையும் விடாம எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். மேசையில ஓங்கி ஒரு அடி.

"லயத்துல பொறந்தவனுக்குக் கொழுந்துக்கும் தூளுக்கும் வித்தியாசம் தெரியலையா?"

"புத்தி கெட்டுப் போச்சுங்க ஐயா. என் பாரத்துல கையெழுத்து வைக்க வேணாமுங்க. தபால் கந்தோருக்கு மட்டும் எழுதிக் குடுங்க."

அதைச் சொல்றப்ப ஆறு வருஷப் படிப்பும் கண்ணு முன்னால போச்சு. ஆனா நெஞ்சு லேசாயிருச்சு.

எழுதிக் குடுத்தாரு. கடுதாசியைத் திரும்ப வாங்கிட்டு வந்து, ராவோட ராவா சரியான கணக்குல புதுசா எழுதினேன். மறுநாள் அந்தப் புது அறிக்கையை ஐயா ஒரு வரி விடாம வாசிச்சாரு. அப்புறம் அவரே பாரத்தை எடுத்தாரு.

"நானும்தானே வாசிக்காமக் கையெழுத்து வச்சேன். இனிமே எந்த அறிக்கையா இருந்தாலும் உன் சம்சாரம் கேட்டு முடிச்ச பொறகுதான் வெளிய போகணும்."

சொல்லிட்டுக் கையெழுத்து வச்சாரு. நான் அங்கேயே அழுதுட்டேங்க.

போன மாசம் லண்டனிலிருந்து பாஸ் பத்திரம் வந்துச்சு. இப்ப நானும் மதிப்பீட்டாளர். ஒவ்வொரு அறிக்கைக்கும் முந்தி, தப்பு இருந்தா காட்டிக் குடு தாயேன்னு கும்பிட்டுட்டுத்தான் பேனாவைத் தொடுறேன்.

உங்கள்ல யாராச்சும் தப்புப் பண்ணிட்டு நெஞ்சு பதறி நிக்கிறீங்களா? மறைக்கச் சொல்லிக் கேட்க வந்தாலும் பரவாயில்லீங்க, அவகிட்ட வாங்க. நான் கேட்டதை ஆத்தா குடுக்கல. அதனாலதான் இன்னிக்கு உங்க முன்னால தலை நிமிர்ந்து நிக்கிறேன்.